குருதியில் ஒரு படைவீடு

சவ்வாது மலையின் அடிவாரத்திலே, இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்திலே, படவேடு என்றோர் ஊர் இருக்கிறது. படைவீடு என்ற பழம்பெயரே மக்கள் நாவில் தேய்ந்து படவேடு ஆயிற்று. படை தங்கிய வீடு! பகைவன் வருமுன்னே விழித்திருந்த வீடு! சோழப் பேரரசு சரிந்த பின்னர், தொண்டை மண்டலத்தின் ஒரு பகுதியைத் தம் ஆட்சியில் வைத்திருந்த சம்புவராயர்களுக்கு அதுவே தலைநகர். 14-ஆம் நூற்றாண்டில் விசயநகரத்து இளவரசன் குமார கம்பணன் தெற்கு நோக்கி வந்தபோது, முதலில் மோதிய மதில் இந்தப் படைவீட்டின் மதில். அவன் துணைவி கங்காதேவி வடமொழியில் எழுதிய மதுரா விசயம் என்னும் காவியம் அந்தப் போரைப் பேசுகிறது.

படை போயிற்று. மதில் போயிற்று. மன்னனும் போனான். இன்று அவ்வூருக்குச் சாரை சாரையாகச் செல்வோர் சம்புவராயனைத் தேடிச் செல்வதில்லை. ரேணுகாம்பாளைத் தேடிச் செல்கிறார்கள். ஆடி வெள்ளி வந்துவிட்டால் வேப்பிலையும் மஞ்சளும் கூழுமாக மக்கள் வெள்ளம்!

யார் இந்த ரேணுகை? புராணம் கூறுகிறது: நீரிலே தெரிந்த ஒரு கந்தர்வனின் நிழலைக் கண்டு ஒரு கணம் அவள் மனம் அசைந்ததாம். அதற்காகக் கணவனாகிய ஜமதக்கினி முனிவன் ஆணையிட, பெற்ற மகன் பரசுராமனே தாயின் தலையை வெட்டினானாம். வெட்டுண்ட அந்தத் தாயே பின்னர் மாரியாகி, அம்மை நோயைத் தருபவளும் தீர்ப்பவளும் ஆனாளாம். குற்றம் செய்யாத ஒருத்தியைக் கொன்றுவிட்டு, கொன்றதற்கு ஈடாகக் கோயில் கட்டிய கதை இது. கொன்றவனைக் கேள்வி கேட்காத சமுதாயம், கொல்லப்பட்டவளைக் கண்டு அஞ்சிற்று. அந்த அச்சத்துக்கு ஓர் உருவம் வேண்டியிருந்தது. ஊரையே சூறையாடிய பெரியம்மை அந்த உருவத்தைக் கொடுத்தது.

அன்பர்களே! கோயிலைப் பற்றி எழுதுவதல்ல இந்தக் கட்டுரையின் நோக்கம். படைவீட்டைப் பற்றி எழுதவே விரும்புகிறேன். ஆனால் சம்புவராயன் கட்டிய படைவீட்டைப் பற்றியல்ல. உங்கள் குருதியிலும் என் குருதியிலும், ஆடி வெள்ளியில் கூழ் ஊற்றும் அந்தத் தாயின் குருதியிலும், அவள் இடுப்பில் இருக்கும் குழந்தையின் குருதியிலும், பிறப்பிலேயே அமைந்த படைவீட்டைப் பற்றி.

காலராவிலிருந்து பிறந்த கண்டுபிடிப்பு

மாரிக்கு அடுத்தபடியாக நம் நாட்டு மக்களை நடுங்க வைத்தவள் காளி, அதாவது, வாந்திபேதி. அந்த நோயின் கிருமியைத் தேடி ஜெர்மானிய அறிஞர் ராபர்ட் காக் 1883-இன் இறுதியில் கல்கத்தாவுக்கு வந்தார். 1884-இல், குளத்து நீரிலும் நோயாளியின் கழிவிலும் வளைந்த சிறு கிருமியைக் கண்டார். காளியின் கோபம் என்று பேசப்பட்டது, குடிநீரில் கலந்த கிருமியென்று ஆயிற்று.

கிருமி தெரிந்துவிட்டது. அடுத்த கேள்வி எழுந்தது: கிருமி உட்புகுந்தும் சிலர் பிழைக்கிறார்களே, ஏன்? தெய்வம் சிலரை விட்டுவிடுகிறது என்பது பழைய விடை. ஆய்வுக்கூடம் அந்த விடையை ஏற்கவில்லை. 1888-இல் ஜார்ஜ் நட்டால் என்பவர், குருதியிலேயே கிருமியைக் கொல்லும் ஆற்றல் இருப்பதைக் காட்டினார். மறு ஆண்டு, ஹான்ஸ் புக்னர் என்பவர் அந்த ஆற்றல் சூட்டைத் தாங்காது, 55 பாகை செல்சியசு அளவுக்குச் சூடாக்கினாலே மறைந்துவிடும் என்று கண்டார். 1894-இல் ரிச்சர்ட் பைஃபர், காலராக் கிருமியை வென்று பழகிய சீமைப்பெருச்சாளியின் வயிற்றறைக்குள் புதிய காலராக் கிருமிகளைச் செலுத்தினார். அவை அங்கேயே உருக்குலைந்து கரைந்ததைக் கண்டார்.

அப்போது பாரிசு நகரத்துப் பாஸ்டர் நிலையத்தில், 25 வயது பெல்ஜிய இளைஞர் ஒருவர் பணியாற்றிக் கொண்டிருந்தார். ஜூல் போர்டே என்பது அவர் பெயர். 1895-இல் அவர் செய்த சோதனை மிக எளியது. எளியதாக இருந்ததனாலேயே அதை யாராலும் மறுக்க முடியவில்லை. காலராவை வென்ற விலங்கின் சீரம், அதாவது குருதியின் தெளிநீர், கிருமியைக் கொன்றது. அதைச் சூடாக்கினார், கொல்லும் ஆற்றல் போயிற்று. இப்போது, காலராவையே கண்டிராத வேறொரு விலங்கின் சூடாக்காத சீரத்தைச் சிறிது சேர்த்தார். அந்தச் சீரம் தனித்து நின்று கிருமியைக் கொல்ல வல்லதன்று. ஆயினும், சேர்த்தவுடன் போன ஆற்றல் திரும்பிற்று!

இதிலிருந்து என்ன விளங்குகிறது? குருதியிலே இரண்டு பொருள்கள் இருக்கின்றன. ஒன்று, நோயைச் சந்தித்துப் பழகியபின் தோன்றுவது. குறிப்பிட்ட பகைவனை அடையாளம் காண்பது. அந்தச் சூட்டைத் தாங்குவது. அதுவே எதிர்ப்பொருள். மற்றொன்று, நோயைக் கண்டவரிடமும் காணாதவரிடமும் பொதுவாக இருப்பது, சூட்டைத் தாங்காதது, முதற்பொருள் சுட்டிய பகைவனைத் தாக்கி அழிப்பது. ஒன்று ஒற்றன், மற்றொன்று படை. ஒற்றன் மட்டும் இருந்தால் செய்தி கிடைக்கும், வெற்றி கிடைக்காது.

ஜெர்மனியின் பால் எர்லிக் 1899 அளவில் இந்த இரண்டாம் பொருளுக்குக் காம்ப்ளிமெண்ட் என்று பெயர் சூட்டினார். குறையை நிரப்புவது என்பது பொருள். தமிழில் நிரப்பி என்போம். 1901-இல் போர்டேயும் அவர் தோழர் ஷாங்கூவும் இதே நிரப்பியைக் கொண்டு நோயறியும் சோதனை ஒன்றை வகுத்தார்கள். அதன் வழியே, 1906-இல் மேகநோயைக் கண்டறியும் வாசர்மன் சோதனை பிறந்தது. 1919-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு போர்டேயைத் தேடி வந்தது.

படையின் அணிவகுப்பு

போர்டே ஒரு பொருள் என்று நினைத்தார். பின்வந்தோர் பிரித்துப் பார்த்தபோது அது ஒரு பட்டாளமாகவே இருந்தது. 30-க்கும் மேற்பட்ட புரதங்கள்! பெரும்பாலானவை கல்லீரலில் உருவாகிக் குருதியில் உறங்கியபடி மிதக்கின்றன. சி1, சி2, சி3 என்று எண்ணிட்டு அழைக்கிறார்கள். கண்டுபிடித்த முறைக்கேற்ப எண் கொடுத்துவிட்டதால், போர்க்களத்தில் நான்காமவன் இரண்டாமவனுக்கு முன்னே செல்கிறான். அறிவியலும் அவசரப்பட்டுப் பெயர் வைப்பதுண்டு. ஆனால் பிழையை மறைப்பதற்குப் புராணம் எழுதுவதில்லை!

எதிர்ப்பொருள் ஒரு கிருமியைப் பற்றிக் கொண்டால், சி1 அதனை உணர்கிறது. சி1 விழித்தால் சி4 பிளவுபடும், பிறகு சி2, பிறகு சி3. ஒருவன் கையிலிருந்த தீப்பந்தம் அடுத்தவன் பந்தத்தைப் பற்ற வைப்பது போல, ஒன்று பலவாகி, பல ஆயிரமாகிறது. பட்டாளத்தின் நடுநாயகம் சி3. அதன் துண்டுகள் கிருமியின் மேற்பரப்பெங்கும் ஒட்டிக் கொண்டு, ‘இது பகை, இதனை விழுங்கு’ என்று வெள்ளணுக்களுக்குக் குறி காட்டுகின்றன. உதிரும் சிறு துண்டுகளோ, களத்துக்கு மேலும் வெள்ளணுக்களை அழைக்கும் முரசாகின்றன. இறுதியில் சி5 முதல் சி9 வரை ஒன்றுகூடி, கிருமியின் தோலில் வட்டமான துளையிடுகின்றன. துளை விழுந்த கலம் மிதக்குமா?

எதிர்ப்பொருள் வராத போதும் இந்தப் படை வாளாவிருப்பதில்லை. எதிர்ப்பொருளின்றியே படை எழும் வேறொரு வழி உண்டென்று 1954-இல் அமெரிக்காவின் லூயி பில்லெமர் அறிவித்தார். ஐயங்களும் மறுப்புகளும் எழுந்தன. தம் கூற்று நிலைநாட்டப்படுவதைக் காணாமலேயே 1957-இல் அவர் மறைந்தார். பின்வந்த ஆய்வுகள் அவர் கண்ட வழி உண்மையென்று காட்டின. அறிஞரின் புகழுக்காக உண்மை ஏற்கப்படவில்லை. எதிர்ப்புக்காகப் புதைக்கப்படவும் இல்லை. சான்று வந்தது, ஏற்றார்கள். இந்தப் பண்பு நம் சமுதாய வாழ்விலே எத்தனை இடத்தில் இருக்கிறது?

மாறுவேடத்தில் வந்த மாரி

இனிப் பெரியம்மைக்கு வருவோம். அந்நோய் கண்டவர்களில் ஏறத்தாழப் பத்துக்கு மூவர் மாண்டனர், பிழைத்தவரில் பலர் தழும்போடு வாழ்ந்தனர், சிலர் கண்ணிழந்தனர். குருதியில் இத்தகைய படை இருந்தும் ஏன் இந்த அழிவு?

2002-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இதற்கொரு விடை தந்தார்கள். நம் உடலில், நிரப்பிப்படை வெறிகொண்டு நம் உயிரணுக்களையே தாக்கிவிடாதபடி கட்டுப்படுத்தும் புரதங்கள் சில உள்ளன. அவற்றைப் படைத்தலைவர் என்க. பெரியம்மை வைரஸ் அந்தத் தலைவரின் உருவத்தைப் போன்றதொரு புரதத்தைத் தானே செய்து கொள்கிறது! தலைவனைப் போல வேடமிட்டு வந்த பகைவன், ‘படையே, வாளை உறையிலிடு’ என்று கட்டளையிடுகிறான், படை ஏமாறுகிறது. அம்மை குத்தப் பயன்பட்ட வாக்சினியா வைரசிலும் இதைப் போன்ற புரதம் உண்டென்பதை 1988-இல் கிரீஷ் கோட்வாலும் பெர்னார்டு மாஸும் கண்டிருந்தனர். இரண்டு புரதங்களுக்கும் இடையே வேற்றுமை 11 அமினோ அமிலங்களே. ஆனால் மனிதச் சி3-இன் துண்டைச் செயலிழக்கச் செய்வதில், பெரியம்மையின் புரதம் மற்றதைப் போல ஏறத்தாழ 100 மடங்கு வல்லது! எந்தெந்த அமினோ அமிலங்கள் இந்தக் கொடிய வல்லமையைத் தருகின்றன என்பதைப் புனே நகரத்துத் தேசிய உயிரணு அறிவியல் மையத்தில் அரவிந்த் சாகுவின் குழுவினர் ஆராய்ந்து, 2008-இல் வெளியிட்டனர்.

மாரியின் சினம் என்று மக்கள் அஞ்சியது எங்கே? 11 அமினோ அமிலங்களின் வேற்றுமை எங்கே? ஏற்கெனவே உலகைவிட்டு ஓட்டப்பட்ட ஒரு நோயின் சூழ்ச்சியை, கோயிலில் அல்ல, ஆய்வுக்கூடத்தில் அவிழ்த்தார்கள்.

நல்லெண்ணத்தின் பொய்

ஓட்டப்பட்ட வரலாற்றிலும் நமக்கொரு பாடம் உண்டு. எட்வர்டு ஜென்னர் 1796 மே 14-இல் இங்கிலாந்தில் பசு அம்மையைக் குத்தினார். ஆறே ஆண்டுகளில், 1802 சூன் 14-இல், பம்பாயில் ஒரு மூன்று வயதுக் குழந்தைக்கு அது குத்தப்பட்டது. அதே ஆண்டில் சென்னைக்கும் வந்தது. வந்தவுடன் எதிர்ப்பும் வந்தது. அம்மன் சினங்கொள்வாள் என்றனர் சிலர். ஒருவன் கையிலிருந்து எடுத்ததை இன்னொரு சாதிக்காரன் கையில் ஏற்றுவதா என்றனர் சிலர். சாகும்போதும் சாதியை விடாத நாடல்லவா?

அப்போது சென்னையில் இருந்தவர் எல்லிஸ் துரை. நம் மொழிக்குடும்பம் வடமொழியினின்று பிறந்ததன்று, தனியொரு குடும்பம் என்று 1816-இல் சான்றுகாட்டி எழுதிய பெருமகன். கால்டுவெல்லுக்கு நாற்பது ஆண்டு முன்னவர். திருக்குறளில் தோய்ந்தவர். 1819-இல் இராமநாதபுரத்தில் மறைந்தவர். அந்த எல்லிஸ், மக்கள் அம்மை குத்திக் கொள்ள வேண்டுமே என்ற ஆவலில், ஓர் உரையாடலை எழுதினார். சக்தியே தன்வந்திரிக்கு உபதேசம் செய்கிறாள். பசுவிடமிருந்து வரும் இப்பொருளும் என் அருளே என்கிறாள். தெய்வத்தின் வாயால் மருத்துவத்தைச் சொல்லிவிட்டால் மக்கள் ஏற்பார்கள் என்பது அவர் எண்ணம்.

நோக்கம் நல்லது. ஆனால் வழி? 1819-இல் சென்னையின் மெட்ராஸ் கூரியர் இதழில், பசு அம்மை குத்தும் முறை தன்வந்திரியின் பழைய வடமொழி நூலிலேயே இருக்கிறது என்ற செய்தி வெளிவந்தது. ஐரோப்பிய ஏடுகள் அதனை எடுத்தாண்டன. பிற்கால ஆய்வாளர் தேடிப் பார்த்து, அப்படியொரு பழஞ்சான்று இல்லை என்று காட்டினர். ஆயினும், ‘எல்லாம் எங்கள் சாத்திரத்திலேயே இருக்கிறது’ என்று மார்தட்டுவோர் கையில் அக்கதை ஓர் ஆயுதமாகிவிட்டது.

தோழர்களே! இங்கேதான் நாம் நின்று சிந்திக்க வேண்டும். உண்மைக்குத் தெய்வ வேடம் போட்டால், மக்கள் வேடத்தை வைத்துக் கொண்டு உண்மையை விட்டுவிடுவார்கள். அதற்கு எல்லிஸின் காலமே சான்று. பொய்யால் ஒருவன் ஊசி போட்டுக் கொள்ளலாம். ஊசி ஏன் என்று அறிந்தவன் ஆகமாட்டான்.

மறுபக்கத்தையும் மறவாமல் சொல்ல வேண்டும். அம்மை கண்ட வீட்டு வாயிலில் வேப்பிலை செருகினார்கள். அயலார் உள்ளே வருவதைத் தவிர்த்தார்கள். காரணம் தவறு, ஆனால் நோயாளியைத் தனிமைப்படுத்தும் செயலில் பயன் இருந்தது. பட்டறிவைப் பழிக்க வேண்டியதில்லை. பட்டறிவின் மேல் ஏறி அமர்ந்து, உண்டியலை நீட்டிய மடமையைத்தான் பழிக்க வேண்டும்.

பெரியம்மையை ஓட்டியது உபதேசம் அல்ல. 1899-இல் கிண்டியில் தோன்றிய கிங் நிலையம் போன்றவை அம்மைப்பால் செய்து கொடுத்தன. வெயிலில் வீடு வீடாக நடந்த அம்மை குத்துவோர் அதனைக் கொண்டு சேர்த்தனர். 1961-இல் வெளிவந்த சென்னை ஆய்வொன்று, நோயாளியோடு பழகியவர்களை இரு பகுதியாக்கிப் பார்த்தது. அம்மை மட்டும் குத்தப்பட்ட 379 பேரில் 21 பேருக்கு நோய் கண்டது. அத்துடன் எதிர்ப்பொருள் நிறைந்த காமா குளோபுலினும் பெற்ற 326 பேரில் 5 பேருக்கே கண்டது. இப்படி எண்ணிப் பார்த்து, எடைபோட்டுப் பார்த்து முன்னேறினார்கள். 1975 மே மாதத்தோடு இந்தியாவில் பெரியம்மை முடிந்தது. 1980 மே 8-இல் உலகச் சுகாதாரப் பேரவை, உலகமே விடுபட்டது என்று அறிவித்தது. அம்மை போயிற்று, அம்மனுக்குக் கூட்டம் மட்டும் குறையவில்லை.

படையில் ஒருவன் இல்லாவிட்டால்

பெரியம்மை ஒழிந்துவிட்டதே, இனி ஏன் இந்தப் பேச்சு என்று கேட்கலாம். மாரியின் பெயரால் வந்த அச்சம் ஒழியவில்லை என்பதே விடை.

நிரப்பிப்படையிலே ஒரு புரதம் பிறவியிலேயே இல்லாதோர் இருக்கிறார்கள். ஆயிரக்கணக்கானவரில் ஒருவர், சில குறைகளில் இலட்சக்கணக்கானவரில் ஒருவர். எண்ணிக்கை சிறிதுதான். ஆனால் அந்த ஒருவரின் வீட்டுக்குள் சென்று பாருங்கள்.

சி3 இல்லாத குழந்தைக்குச் சீழ்பிடிக்கும் நோய்கள் ஓயாது வருகின்றன. காதில், நுரையீரலில், மூளையுறையில். சி5 முதல் சி9 வரையுள்ளவற்றில் ஒன்று இல்லாதவருக்கு மெனிஞ்சோகாக்கஸ் என்னும் கிருமியால் வரும் மூளைக்காய்ச்சல் ஒருமுறை வந்து, பிழைத்தால், மீண்டும் வருகிறது. ஜப்பானில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒருவருக்குச் சி9 இல்லை. அவர்களில் பெரும்பாலோர் நலமாகவே வாழ்கிறார்கள். ஆனால் அந்த ஒரு கிருமியிடம் மட்டும் அவர்களுக்கு ஆபத்து மிகுதி. அதற்கெதிரான தடுப்பூசி உண்டு.

சி1-இன் ஒரு பகுதியாகிய சி1கியூ இல்லாதவரிடம் வேறொரு விந்தை. இறந்துபோன உயிரணுக்களின் குப்பையை அகற்றுவதும் இந்தப் படையின் வேலை. குப்பை தேங்கினால் உடல் தன்னையே பகையென்று கருதத் தொடங்குகிறது. லூபஸ் என்னும் நோய் பிறக்கிறது, முகத்திலே சிறகு விரித்த வண்ணத்துப்பூச்சி போலச் சிவந்த தடிப்பு, மூட்டுவலி, சிறுநீரகக் கேடு. சி1கியூ அறவே இல்லாதவரில் பத்துக்கு ஒன்பது பேருக்கு இந்நோய் வந்துவிடுகிறது.

படை குறைந்தால் மட்டுமா கேடு? படையைக் கட்டுப்படுத்தும் தலைவன் குறைந்தாலும் கேடே. காரணி எச் என்னும் கட்டுப்பாட்டுப் புரதத்தை உடலே தவறாகப் பகையென்று தாக்கும்போது, குழந்தைகளின் சிறுநீரகம் பழுதாகும் நோய் ஒன்று வருகிறது. இந்தியக் குழந்தைகளில் அவ்வகைச் சிறுநீரக நோய் கண்டவரில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இதுவே காரணம் என்று தில்லி அனைத்திந்திய மருத்துவ நிலையத்தார் காட்டியிருக்கிறார்கள். காலத்தில் கண்டுபிடித்து, குருதியின் பிளாஸ்மாவை மாற்றி மருந்தளித்தால், சிறுநீரகத்தைக் காக்க வழி உண்டு.

இவற்றுள் எல்லாம் என் நெஞ்சை அதிகம் வருத்துவது சி1 தடுப்பியின் குறைபாடு. பரம்பரை வீக்கநோய் என்று சொல்லலாம். ஏறத்தாழ 50,000 பேருக்கு ஒருவர். திடீரென்று முகம் வீங்கும், கண் மூடிக்கொள்ளும், உதடு தடிக்கும், கை பருக்கும். அரிப்பு இராது. குடல் வீங்கினால் வயிற்றுவலியில் துடிப்பர். இரண்டொரு நாளில் தானே வடியும். சில வாரம் கழித்து மீண்டும் வரும். தொண்டை வீங்கினாலோ மூச்சடைத்துச் சாவு! இப்போது ஓர் எளிய வீட்டை நினைத்துப் பாருங்கள். பாட்டிக்கு இருந்தது, தந்தைக்கு இருந்தது, அவர் ஓரிரவில் மூச்சடைத்து மாண்டார், இப்போது மகளுக்கு வருகிறது. ஊர் என்ன சொல்லும்? குலதெய்வக் குற்றம் என்னும். செய்வினை என்னும். அந்தக் குடும்பத்துக்குச் சாபம் என்னும். பெண் கொடுக்கவும் பெண் எடுக்கவும் அஞ்சும். வந்த வீக்கம் இரண்டு நாளில் தானே வடிகிறதல்லவா? வடிந்த பெருமை மந்திரித்தவனுக்குப் போய்ச் சேரும்!

அதே காட்சியை அறிவுலகம் எப்படிக் கண்டது? 1882-இல் ஹைன்ரிக் குவின்கே இவ்வகை வீக்கத்தை விரித்து எழுதினார். 1888-இல் வில்லியம் ஆஸ்லர், ஐந்து தலைமுறையாக இதே வீக்கம் தொடர்ந்த ஓர் அமெரிக்கக் குடும்பத்தை ஆராய்ந்து, இது பரம்பரையாக வருவது என்றார். 1963-இல் வெர்ஜினியா டொனால்ட்சன் என்னும் பெண் அறிஞரும் ரிச்சர்டு எவான்சும், இந்நோயாளிகளின் குருதியில் சி1 தடுப்பி செயற்படவில்லை என்று கண்டனர். சாபத்துக்கு முகவரி கிடைத்துவிட்டது! பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் வரக்கூடிய வாய்ப்பு பாதிக்குப் பாதி. ஆணாயினும் பெண்ணாயினும் அதே கணக்கு. பாவ புண்ணியத்துக்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இது ஒவ்வாமை வீக்கமன்று. ஒவ்வாமைக்குத் தரும் மருந்துகள், அட்ரினலின் ஊசி, ஸ்டீராய்டு ஆகியவை இதற்குக் கைகொடுப்பதில்லை. குறையும் சி1 தடுப்பியையே ஏற்றுவதும், வீக்கத்தைத் தூண்டும் பிராடிகைனின் என்னும் பொருளைத் தடுப்பதுமே தக்க வழி. ஆகவே மருத்துவமனைக்குச் சென்றால் மட்டும் போதாது. மருத்துவருக்கு இந்நோயின் நினைவு வரவேண்டும். நினைவு வந்தால், சி4 அளவைப் பார்க்கும் ஒரு குருதிச் சோதனையே பெரும்பாலும் வழிகாட்டிவிடும்.

எதற்காகப் போராடுவது?

தோழர்களே! ஊருக்குள் சென்று, குழந்தையை இடுப்பில் சுமந்து அம்மன் முன்னே நிற்கும் அந்தத் தாயைப் பார்த்து நாம் நகைத்தால், நாம் பகுத்தறிவாளர் அல்லர். அவள் அங்கே நிற்பது மடமையால் மட்டுமல்ல. அவளுக்கு விடை சொல்ல வேறு யாரும் அங்கே இல்லை என்பதாலும் நிற்கிறாள். சவ்வாது மலையின் சிற்றூர்களிலிருந்து நடந்து இறங்கி வரும் மலையாளி மக்களுக்குச் சி4 சோதனை எந்த ஊரில் செய்வார்கள் என்று யார் சொல்வது? நோயின் மூலத்தைத் தேடு, தீர்க்கும் வழியைத் தேடு என்று வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் வற்புறுத்தினார். தேடும் வாய்ப்பே இல்லாதவனிடம் அந்த நெறியைச் சொல்லி என்ன பயன்?

ஆகவே நம் பணி இரண்டு. ஒன்று, அச்சத்தைப் போக்குவது. ஒரே வீட்டில் அடுத்தடுத்த தலைமுறையில் முகம் வீங்குகிறதா? ஒரே பிள்ளைக்கு இரண்டாம் முறை மூளைக்காய்ச்சல் வருகிறதா? சீழ்நோய் விடாது தொடர்கிறதா? இவை சாபத்தின் அடையாளங்கள் அல்ல. குருதியைச் சோதிக்க வேண்டியதற்கான அடையாளங்கள் என்று ஊர்தோறும் சொல்ல வேண்டும். மற்றொன்று, வாய்ப்பை உண்டாக்குவது. சி3, சி4 அளவைப் பார்க்கும் சோதனை எளியவருக்கும் எட்ட வேண்டும். உயிர்காக்கும் மருந்து விலையேறிய பொருளாகச் செல்வரின் மருத்துவமனையில் மட்டும் இருத்தலாகாது. இதைக் கேட்பது உரிமை. கோயிலுக்குக் கொடுக்கும் காணிக்கையில் கேட்பதன்று. மக்கள் கொடுக்கும் வரியில் கேட்பது.

போர்டேயின் சோதனையை மீண்டும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். ஒற்றன் மட்டும் போதாது, படையும் வேண்டும். படை மட்டும் போதாது, ஒற்றனும் வேண்டும். அறிவு மட்டும் இருந்து மருத்துவம் எட்டவில்லையென்றால், அது சூடாக்கப்பட்ட சீரம். மருத்துவமனை மட்டும் இருந்து மக்களிடம் அறிவு பரவவில்லையென்றால், அது பகைவனை அறியாத படை. இரண்டும் சேரும் நாளில்தான் நோயும் கரையும்; நோயின் பெயரால் வளர்ந்த அச்சமும் கரையும்.

படவேட்டின் மதிலைக் கம்பணன் இடித்தான். அதனைக் காக்கச் சம்புவராயனால் முடியவில்லை. ஆனால் குருதியில் உள்ள படைவீட்டை எந்த மன்னனும் கட்டவில்லை. எந்தச் சாதிக்கும் அது தனிச் சொத்தன்று. கோயிலுக்கு உள்ளே நிற்பவனுக்கும் வெளியே நிறுத்தப்பட்டவனுக்கும் அதே சி1, அதே சி3, அதே சி9. அந்தப் படையில் ஒருவன் குறைந்து பிறந்த குழந்தைக்கு நாம் துணைப்படையாக நிற்க வேண்டும். குறையை நிரப்புவதுதானே நிரப்பியின் வேலை!